வைணு பாப்பு

மணலி கல்லட் வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 – ஆகஸ்ட் 19, 1982) இந்திய வானியலாளர் ஆவார். விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஒளியியல் வானியலுக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். தமிழ்நாட்டில் சவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வான் ஆய்வகம் இவருடைய முயற்சியால் உருவானது. பாப்பு–பொக்–நியூகிர்க் வால்வெள்ளி, வில்சன்–பாப்பு விளைவு ஆகியவை இவருடைய பெயரைத் தாங்கியுள்ளன. 1979 ஆம் ஆண்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்பதவியை வகித்த முதல் இந்தியர் இவரே.

இவருடைய ஆய்வுகளில் பெரும்பகுதி ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு செய்யப்பட்டது. மங்கிய ஒளியைப் பல நிமிடங்களோ, பல மணி நேரமோ தகட்டில் சேர்த்துப் பதிவு செய்யும் முறையே அன்றைய வானியலின் அடிப்படையாக இருந்தது. அதற்கு வேண்டிய இருண்ட வானமும் பெரிய தொலைநோக்கியும் இந்தியாவிலேயே கிடைக்க வேண்டும் என்பது இவருடைய வாழ்நாள் நோக்கமாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

வைணு பாப்பு சென்னையில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். பெற்றோருக்கு இவர் ஒரே மகன். தந்தையார் ஐதராபாத்தில் உள்ள நிசாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றினார். எனவே வைணு பாப்புவின் பள்ளிப் பருவமும் கல்லூரிப் படிப்பும் ஐதராபாத்தில் கழிந்தன.

நிசாமியா ஆய்வகம் 1901 ஆம் ஆண்டில் நவாப் சாபர் சங் என்பவரால் நிறுவப்பட்டு, 1908 இல் நிசாம் அரசின் பொறுப்புக்கு வந்தது. 1887 இல் பாரிசில் தொடங்கிய வான்பட ஆவணத் திட்டத்தில் இவ்வாய்வகமும் பங்கு கொண்டது. இத்திட்டத்தில் வானம் பல பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டையும் ஓர் ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தென்வானில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை ஐதராபாத்துக்கு அளிக்கப்பட்டது. 20 செமீ விட்டமுடைய ஒளிப்படத் தொலைநோக்கியால் கண்ணாடித் தகடுகளில் விண்மீன்கள் பதிவு செய்யப்பட்டு, அவற்றின் இடங்கள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. தொலைநோக்கிகளும் தகடுகளும் வைணு பாப்புவுக்குச் சிறு வயதிலேயே அறிமுகமாயின.

மாணவராக இருந்தபோதே மாறொளிர் விண்மீன்களைக் கூர்ந்து நோக்கத் தொடங்கிய இவர், 1946 ஆம் ஆண்டில் அவ்வாய்வுகள் குறித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

ஆர்வர்டும் வால்வெள்ளியும்

உதவித்தொகை பெற்று ஐக்கிய அமெரிக்கா சென்ற பாப்பு, 1949 ஆம் ஆண்டில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே, அவ்வாண்டு சூலை 2 ஆம் நாள், ஆர்வர்டின் ஓக் ரிட்ஜ் நிலையத்தில் எடுக்கப்பட்ட தகடு ஒன்றில் அதுவரை அறியப்படாத வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்தார். பேராசிரியர் பார்ட் பொக், சக ஆய்வாளர் கார்டன் நியூகிர்க் ஆகியோரும் இக்கண்டுபிடிப்பில் உடனிருந்தனர். ஆகவே அது பாப்பு–பொக்–நியூகிர்க் வால்வெள்ளி எனப் பெயர் பெற்றது. அது கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானியல் கழகம் இவருக்கு டோனகோ வால்வெள்ளிப் பதக்கம் வழங்கியது.

இத்தகைய தகட்டில் வால்வெள்ளியை அடையாளம் காண்பது எளிதன்று. ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் புள்ளிகளாகப் பதிந்திருக்கும். அவற்றிடையே ஒரு புள்ளி மட்டும் சற்றுப் புகை படர்ந்ததுபோலவோ, சிறிது நீண்டோ காணப்படும். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று தம் இடம் மாறாமல் இருக்க, வால்வெள்ளி அவற்றினூடே நகர்வதே இதற்குக் காரணம். அதே பகுதியைப் பின்னர் மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்ட பிறகே அது தகட்டின் குறையா, வானத்தின் பொருளா என்பது உறுதியாகும்.

1952 ஆம் ஆண்டில் பாப்பு முனைவர் பட்டம் பெற்றார்.

நீண்ட வெளிப்பாட்டு ஒளிப்படம்

மனிதக் கண் ஒளியை ஒரு நொடிக்கும் குறைவான காலமே சேர்த்து வைக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் மங்கிய விண்மீன் கண்ணுக்குக் கூடுதலாக ஒளிர்வதில்லை. ஒளிப்படத் தகடோ தன்மீது விழும் ஒளியைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது. எனவே கண்ணுக்குப் புலப்படாத பொருள்களும் நீண்ட வெளிப்பாட்டில் புலப்படுகின்றன.

முழுச் சந்திர கிரகணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முழுநிலவைச் சாதாரண ஒளிப்படக் கருவியால் நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுத்துவிடலாம். நிலவு புவியின் கருநிழலுக்குள் முழுமையாகச் சென்றதும் அதன் ஒளி பத்தாயிரம் மடங்குக்கும் மேலாகக் குறைகிறது. புவியின் வளிமண்டலத்தால் வளைக்கப்பட்டு வரும் செந்நிற ஒளி மட்டுமே அதன்மீது விழுகிறது. அப்போது படம் எடுக்கப் பல நொடிகள் தேவைப்படும். அதற்குள் புவியின் சுழற்சியால் வானம் நொடிக்கு 15 விகலை வீதம் நகர்ந்துவிடுவதால் படம் கலங்கும். முக்காலியில் அசையாமல் நிற்கும் கருவி இதற்குப் போதாது. வானத்தின் வேகத்திலேயே கருவியைத் திருப்பும் கடிகாரப் பொறி வேண்டும்.

விண்மீன்களின் நிறமாலையைப் பதிவு செய்கையில் இந்நொடிகள் மணிகளாக நீள்கின்றன. ஒரு விண்மீனின் ஒளி பல நிறங்களாகப் பிரிந்து பரவுவதால், ஒவ்வொரு நிறத்துக்கும் கிடைக்கும் ஒளி மிகச் சிறிதாகும். மேலும் மிக மங்கிய ஒளியில் தகட்டின் உணர்திறனே குறைந்துவிடும் என்பதால், ஒளி பாதியானால் நேரத்தை இரு மடங்காக்குவது போதாது. அதற்கும் மேல் கூட்ட வேண்டும். வானியலாளர் இரவு முழுவதும் குளிரில் அமர்ந்து, வழிகாட்டி விண்மீன் ஒன்று கண்ணாடியின் குறுக்குக் கோட்டை விட்டு விலகாதபடி கையால் திருத்திக்கொண்டே இருப்பார். இடையில் மேகம் வந்தாலும், அருகில் உள்ள ஊர்களின் விளக்கொளி வானத்தை வெளுக்கச் செய்தாலும் அவ்விரவின் உழைப்பு வீணாகும். தெளிவான, இருண்ட வானத்தைத் தேடிப் பாப்பு பிற்காலத்தில் மலைகளை நாடியதன் காரணம் இதுவே.

வில்சன்–பாப்பு விளைவு

முனைவர் பட்டத்துக்குப் பின் பாப்பு கார்னகி ஆய்வுநல்கை பெற்று, கலிபோர்னியாவில் உள்ள மவுண்ட் வில்சன், பாலோமர் ஆய்வகங்களில் பணியாற்றினார். இந்நல்கையைப் பெற்ற முதல் இந்தியர் இவர். அங்கு ஒலின் வில்சன் என்ற வானியலாளருடன் சேர்ந்து மேற்கொண்ட ஆய்வே இவருக்கு உலகப் புகழைத் தந்தது.

கதிரவனைப் போன்றவையும் அதைவிடக் குளிர்ந்தவையுமான விண்மீன்களின் நிறமாலையில், ஊதாப் பகுதியில், 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில் கால்சியத்தின் கே கோடு எனப்படும் அகன்ற கருங்கோடு ஒன்று உள்ளது. சில விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்கோடு ஒன்றும் தோன்றும். அது விண்மீனின் நிறமண்டலத்திலிருந்து வருவதாகும். வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களின் நிறமாலைத் தகடுகளில் அவ்வொளிர்கோட்டின் அகலத்தை அளந்தனர். விண்மீனின் உண்மையான ஒளிர்வு கூடக் கூட அவ்வகலமும் ஒழுங்காகக் கூடுவதை அவர்கள் கண்டனர். இத்தொடர்பு 15 ஒளிப்பொலிவெண் அளவுக்கு, அதாவது ஒளிர்வில் பத்து இலட்சம் மடங்கு வேறுபாட்டுக்கு நீடித்தது. ஒளிர்கோடு வலுவானதா மெலிந்ததா என்பது இத்தொடர்பைப் பாதிக்கவில்லை. 1957 ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியிடப்பட்டன.

இதன் பயன் தொலைவை அறிவதில் உள்ளது. ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிவது அது இயல்பாகவே மங்கியது என்பதாலா, வெகு தொலைவில் இருப்பதாலா என்பதை வெறும் பார்வையால் கூற இயலாது. கே கோட்டின் அகலத்தைக் கொண்டு உண்மையான ஒளிர்வை அறிந்தால், தோற்ற ஒளிர்வோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். 1990களில் இப்பார்க்கசு செயற்கைக்கோள் அளந்த விண்மீன் தொலைவுகளைக் கொண்டு இத்தொடர்பு மீண்டும் சரிபார்க்கப்பட்டது.

நைனித்தால்

அமெரிக்காவில் தொடர்ந்து பணியாற்றும் வாய்ப்புள்ள நிலையில் பாப்பு 1953 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பினார். அன்று இந்தியாவில் இருந்த பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கி 51 செமீ விட்டமுடையதே ஆகும். அதுவும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனேயில் பயன்பட்டு, 1912 இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்ட பழங்கருவியாகும். பாப்பு பயன்படுத்திவிட்டு வந்த பாலோமர் தொலைநோக்கியின் ஆடியோ 5 மீட்டர் விட்டம் கொண்டது.

உத்தரப் பிரதேச அரசின் வான் ஆய்வகம் 1954 ஏப்ரலில் வாரணாசியில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பாப்பு அதன் பொறுப்பை ஏற்றார். கங்கைச் சமவெளியின் தூசியும் ஈரப்பதமும் வானியலுக்கு ஏற்றவை அல்ல என்பதால், ஆய்வகம் 1955 இல் இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனித்தாலுக்கு மாற்றப்பட்டது. பின்னர் 1961 இல் மனோரா சிகரத்தில் நிலைகொண்டது. ஆய்வகத்தைத் தொடக்கத்திலிருந்தே கட்டியெழுப்பும் பட்டறிவைப் பாப்பு இங்குப் பெற்றார்.

கொடைக்கானல்

1960 ஆம் ஆண்டில் பாப்பு கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1792 இல் கட்டப்பட்ட சென்னை வான் ஆய்வகத்தின் தொடர்ச்சியாக 1899 இல் நிறுவப்பட்ட இவ்வாய்வகம் கதிரவ ஆய்வுக்குப் பெயர் பெற்றது. கதிரவப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்செட் 1909 இல் இங்குக் கண்டறிந்தார். கதிரவனை நாள்தோறும் தகட்டில் பதிவு செய்யும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இங்கு இருந்து வந்தது.

பாப்பு இம்மரபைத் தொடர்ந்ததுடன் தம் பழைய ஆய்வையும் இதனோடு இணைத்தார். தொலைவில் உள்ள விண்மீன்களில் ஒற்றைக் கோடாகத் தெரியும் கே கோட்டைக் கதிரவனின் பரப்பில் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய முடிந்தது. 1970 மார்ச் 7 அன்று மெக்சிக்கோவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தையும் இவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். முழுச் சந்திர கிரகணம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கக்கூடும். முழுச் சூரிய கிரகணமோ எட்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். கதிரவ ஒளிவட்டத்தின் மங்கிய நிறமாலையை அச்சில நிமிடங்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு வெளிப்பாட்டின் நேரமும் முன்கூட்டியே திட்டமிடப்படுவது வழக்கம்.

ஆயினும் கொடைக்கானல் பகலின் ஆய்வகமாகவே இருந்தது. இரு பருவமழைகளின் மேகமும் பனிமூட்டமும் அங்கு விண்மீன் ஆய்வுக்குத் தடையாக இருந்தன. இரவு வானுக்கென வேறோர் இடம் தேவை என்பதைப் பாப்பு உணர்ந்தார்.

காவலூர்

1960களில் பாப்பு தென்னிந்தியாவில் பொருத்தமான இடத்தைத் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் வடவானின் பெரும்பகுதியோடு தென்வானையும் காண இயலும் என்பது தெற்கைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களுள் ஒன்றாகும். இவர் விரிவாக ஆராய்ந்த வுல்ஃப்–ராயே வகை விண்மீன்களுள் மிகவும் ஒளிமிக்கதான காமா வேலோரம், வானநடுக்கோட்டுக்கு 47 பாகை தெற்கே உள்ளது. ஐரோப்பிய ஆய்வகங்கள் பலவற்றிலிருந்து அது தெரிவதே இல்லை. தமிழகத்திலிருந்து அதை நன்கு காணலாம்.

இறுதியில் சவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இது அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. சேலம் மாவட்டத்தின் வாழப்பாடியை ஒட்டியுள்ள சேர்வராயன், கல்வராயன் மலைகளைப் போலவே சவ்வாது மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். காவலூர் ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த இடத்தில் அமைந்துள்ளது. சமவெளி ஊர்களின் விளக்கொளியிலிருந்து மலைகளும் மரங்களும் இதற்கு மறைப்பாக அமைந்தன.

1960களின் இறுதியில் 38 செமீ தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. அத்தொலைநோக்கி வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டதன்று, ஆய்வகத்தினரே உருவாக்கியதாகும். 1972 ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைசு நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது.

அதே ஆண்டு சூன் 7 அன்று வியாழனின் நிலவான கனிமீடு, விண்மீன் ஒன்றை மறைத்த நிகழ்வு காவலூரிலிருந்து பதிவு செய்யப்பட்டது. கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. 1979 இல் வாயேஜர் விண்கலம் எடுத்த அளவீடுகள் அவ்வளிமண்டலம் கருதியதைவிட மிகமிக மெலிந்தது எனக் காட்டின. 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கு ஆக்சிசன் இருப்பதைக் கண்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரிலிருந்து செய்த பதிவு, அக்கோளின் வளையங்களைக் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்றாக அமைந்தது.

1971 ஆம் ஆண்டில் கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாக மாற்றப்பட்டது. பாப்பு அதன் முதல் இயக்குநரானார். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைந்தது.

2.34 மீட்டர் தொலைநோக்கி

தொலைநோக்கியின் ஆடி பெரிதானால் ஒரே நேரத்தில் அது சேர்க்கும் ஒளியும் கூடும். 1 மீட்டர் ஆடியைவிட 2.34 மீட்டர் ஆடி ஐந்து மடங்குக்கும் கூடுதலான ஒளியைச் சேர்க்கும். ஓர் இரவில் முடியாத வெளிப்பாடு சில மணிகளில் முடியும். இத்தகைய தொலைநோக்கியை முழுமையாக வாங்காமல் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்ய வேண்டும் எனப் பாப்பு முடிவு செய்தார். கண்ணாடி வட்டு மட்டும் வெளிநாட்டிலிருந்து பெறப்பட்டது. அதைத் தேய்த்து மெருகேற்றும் பணி பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் நடைபெற்றது. தாங்கும் அமைப்பும் இயந்திரப் பகுதிகளும் இந்தியத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டன.

வெளிநாட்டுத் தொலைநோக்கியை வாங்கியிருந்தால் பணி விரைவில் முடிந்திருக்கும். ஆனால் ஆடி தேய்க்கவும், கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யவும், பழுது பார்க்கவும் தெரிந்த ஒரு தலைமுறை இங்கு உருவாகியிருக்காது. இந்தத் தேர்வின் விலை காலம். ஆடியின் பணி முடிவதற்கு முன்பே பாப்பு மறைந்தார்.

மறைவு

1982 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுப் பேரவை கிரேக்க நாட்டின் பாட்ராசு நகரில் கூடியது. தலைவர் என்ற முறையில் பாப்பு அதற்குத் தலைமை ஏற்றிருக்க வேண்டும். ஆனால் இதய நோய்க்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் அறுவை மருத்துவத்துக்கு உட்பட்டிருந்த இவர், பேரவை நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே ஆகஸ்ட் 19 அன்று காலமானார். அப்போது இவருக்கு வயது 55.

இவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1985 இன் இறுதியில் முதல் ஒளியைப் பெற்றது. 1986 சனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016 இல் நைனித்தாலுக்கு அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்படும் வரை இந்தியாவின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கியாக இது விளங்கியது. தேவஸ்தல் தொலைநோக்கியை இயக்கும் நிறுவனமும் பாப்பு தம் இளமையில் வளர்த்தெடுத்த உத்தரப் பிரதேச ஆய்வகத்தின் வழிவந்ததே.

1988 பிப்ரவரியில் ஆர். இராஜமோகன் காவலூரில் இருந்த ஷ்மிட் தொலைநோக்கியின் உதவியுடன் குறுங்கோள் ஒன்றைக் கண்டறிந்தார். அதற்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் இடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆர்வர்டில் பாப்பு வால்வெள்ளியைக் கண்டது போலவே, விண்மீன்களுக்கிடையே நகரும் பொருளை இனங்கண்டதே இக்கண்டுபிடிப்பும். இம்முறை தொலைநோக்கி சவ்வாது மலையில் இருந்தது.

பதவிகளும் விருதுகளும்

* டோனகோ வால்வெள்ளிப் பதக்கம், பசிபிக் வானியல் கழகம் (1949)
* பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் துணைத் தலைவர் (1967–1973)
* சாந்தி சுவரூப் பட்நாகர் விருது (1970)
* இந்திய வானியல் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர் (1972)
* பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவர் (1979–1982)
* பத்ம பூசண் (1981)

இவர் பெயர் தாங்கியவை

* பாப்பு–பொக்–நியூகிர்க் வால்வெள்ளி
* வில்சன்–பாப்பு விளைவு
* குறுங்கோள் 2596 வைணு பாப்பு
* வைணு பாப்பு வான் ஆய்வகம், காவலூர்
* வைணு பாப்பு தொலைநோக்கி (2.34 மீட்டர்)